உயர்ந்த ஓட்டலில் உண்பது பாவமா?

சென்ற தலைமுறையில் நம் குடும்பங்களில் எழாத கேள்வி ஒன்று இப்பொழுது வீட்டுக்கு வீடு எழுகின்றது. வெளியூர்ப் பயணம் போகிறவர் ஓட்டலில் சாப்பிடுவார். வீட்டில் அடுப்பெரியாத நாளில் இட்லிப் பொட்டலம் வாங்கி வருவார்கள். அவ்வளவே. இன்றோ பிறந்தநாள், திருமண நாள், பரீட்சைத் தேர்ச்சி, முதற்சம்பளம் எதுவானாலும், “எந்த ஓட்டலுக்குப் போகலாம்?” என்பதே முதற்பேச்சு. குளிர்சாதன அறையும், மங்கிய விளக்கும், துணி விரித்த மேசையும் உள்ள உயர்தர ஓட்டல்கள் சிறிய ஊர்களுக்கும் வந்துவிட்டன. ஐந்து பேர் அங்கே உண்டு எழுந்தால் ஒரு மாதத்து மளிகைப் பணம் கரைந்துபோகும். இது தகுமா? பசித்தவன் தெருவில் இருக்க, நாம் இப்படி உண்பது பாவமாகாதா?

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். மூத்த மகள் வேலைக்குச் சேர்ந்து முதற்சம்பளம் வாங்கினாள். தகப்பனார், தாயார், தம்பி, தாயைப் பெற்ற அம்மாச்சி ஆகிய நால்வரையும் அழைத்துக்கொண்டு ஊரில் பேர்பெற்ற உயர்ந்த ஓட்டல் ஒன்றுக்குப் போனாள். உணவுப் பட்டியல் கைக்கு வந்தது. தாயார் பலகாரங்களின் பெயரைப் படிக்கவில்லை. எதிரேயிருந்த விலையைத்தான் படித்தாள். பட்டியலை மூடி வைத்து, “எனக்குப் பசியில்லை, கொஞ்சம் தயிர்ச்சாதம் போதும்” என்றாள். தகப்பனாருக்கு முகம் கறுத்துவிட்டது. “இந்தக் காசுக்கு எத்தனை ஏழைகளுக்குச் சோறு போடலாம்!” என்று பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி சொன்னார். மகள் தலை குனிந்துகொண்டாள்.

அப்பொழுது அம்மாச்சி வாய் திறந்தாள். “மாப்பிள்ளை, உங்கள் மாமனாருக்கு டீக்கடையில் கொட்டாங்குச்சியில்தான் டீ ஊற்றினார்கள். அதையும் வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும். இன்றைக்கு என் பேத்தி என்னை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். ஒருவர் வந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார். இந்த ஒரு நாள் கணக்குப் பார்க்காதீர்கள்” என்றாள்.

இவ்விருவரில் யார் சொன்னது சரி? மாமியாரா, மருமகனா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கின்றது.

முதலில் தகப்பனாரின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2013-ம் ஆண்டு சென்னையில் அம்மா உணவகங்கள் தொடங்கப்பட்டபோது, ஓர் இட்லிக்கு வைக்கப்பட்ட விலை ரூ.1. சாம்பார்சாதம் ரூ.5, தயிர்ச்சாதம் ரூ.3. அந்த விலைக்கு உண்ண வந்து வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர்! அதே நகரத்தில், ஒருவர் ஒருவேளை உண்பதற்கு ஆயிரத்துக்குமேல் வாங்கும் ஓட்டல்களும் இருக்கின்றன. இந்த வித்தியாசம் மனச்சாட்சியுள்ள எவனையும் உறுத்தத்தான் செய்யும்.

இந்த உறுத்தலை யாவரினும் கூர்மையாக எடுத்துரைத்தவர் பீட்டர் சிங்கர் என்னும் தத்துவ ஆசிரியர். 1971-ல் கிழக்கு வங்காளத்து அகதிகள் இலட்சக்கணக்கில் பசியால் வாடிய காலத்தில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அது 1972-ல் வெளிவந்தது. அவர் கூறும் உவமை எளியது. வழியிலுள்ள குட்டையில் ஒரு குழந்தை மூழ்குகின்றது. இறங்கித் தூக்கினால் என் உடுப்புச் சேறாகும். அதற்காக இறங்காமல் போகலாமா? கூடாது என்று எல்லாரும் சொல்வோம். அப்படியானால், உடுப்புக்கு ஒப்பான அற்ப இன்பங்களுக்கு நாம் செலவிடும் பணம் எங்கோ ஓர் உயிரைக் காக்குமானால், அதைக் கொடாதிருப்பது எப்படிச் சரியாகும்? குழந்தை கண்ணெதிரே இருப்பதும் கடலுக்கப்பால் இருப்பதும் கடமையை மாற்றிவிடுமா? இக்கேள்விக்கு எளிதில் மறுமொழி சொல்லிவிட முடியாது. சொல்லிவிட்டதாக நினைக்கிறவர் அதைச் சரியாய்க் கேட்கவில்லை என்றே எண்ண வேண்டும்.

இனி அம்மாச்சியின் பக்கம். அந்த நாற்காலி அவளுக்கு வெறும் சொகுசு அன்று. சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நம் நாட்டில் கோடிக்கணக்கானோர். 1950 ஜனவரி 26 முதல் நடப்பிலுள்ள நம் அரசியலமைப்புச் சட்டம், தன் 15-ம் பிரிவில், சாதி, மதம் முதலியவற்றைக் காட்டிக் கடைகளிலோ உணவு விடுதிகளிலோ எவரையும் நுழையாதபடி தடுக்கலாகாது என்று தனியே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் வந்த பின்னும் இரட்டைக் குவளை நெடுங்காலம் ஒழியவில்லை. ஆகவே, ஒருவேளைச் சோற்றில் வயிற்றை நிரப்பும் பொருள் மட்டுமே இருக்கின்றது என்று கணக்கிடுவது பிழை. அதில் ஓர் இடம் இருக்கின்றது; மரியாதை இருக்கின்றது; மகள் பெற்றோருக்குக் காட்டும் நன்றி இருக்கின்றது. ரூபாய்க்கு இத்தனை இட்லி என்ற கணக்கில் இவை அடங்கா.

நம் ஆன்றோர் இதைப்பற்றி என்ன போதித்தனர்? ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு என்று படித்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று போசனப்பிரியம். அளவுக்கு மிஞ்சி உண்பது மாத்திரமே போசனப்பிரியம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாப்பரசர் பெரிய கிரகோரியார் ஐந்து வழிகளைக் காட்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் அவற்றை எடுத்து விளக்கினார். வேளைக்கு முந்தி உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, மிதமிஞ்சி உண்பது, ஆவலாய்ப் பறந்து உண்பது, பக்குவத்தில் ஓயாமல் குற்றங் கண்டு நுட்பம் தேடுவது. பாருங்கள், விலையுயர்ந்ததை நாடுவதும் பட்டியலில் இருக்கின்றது. தகப்பனார் பயந்தது வீண்பயம் அன்று.

ஆனால் கிரகோரியார் அத்துடன் இன்னொன்றையும் சொல்லுகிறார். குற்றம் உணவில் இல்லை, ஆசையில் இருக்கின்றது என்கிறார். எலியாஸ் தீர்க்கதரிசி வனாந்தரத்தில் இறைச்சி உண்டார், அவர்மேல் குற்றமில்லை. ஏசா தின்றதோ பருப்புக் கூழ். மலிவான பண்டம். அதற்காகவே அவன் தன் தலைமகன் உரிமையை விற்றான். ஓட்டலுக்கே போகாதவர் வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்ததென்று தட்டைத் தள்ளிவிட்டு எழுவாரானால், மட்டசனம் என்னும் புண்ணியத்தில் அவர் ஓட்டலுக்குப் போனவரைவிடப் பின்தங்கியிருக்கக் கூடும்.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், பெருஞ்செலவைத் தக்க காரியத்துக்குத் தக்கபடி செய்வதும் ஒரு நற்குணமே என்றார். அதற்கு இருபக்கமும் இரு குற்றங்கள். ஒன்று, செலவு செய்ய வேண்டிய இடத்திலும் காசை எண்ணி எண்ணிக் காரியத்தையே கெடுப்பது. மற்றொன்று, ஆடம்பரம். தோழர் கூட்டத்துக்குப் போடும் சாதாரண விருந்தைக் கல்யாண விருந்துபோல் நடத்துகிறவனை இதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். அவன் தன் செல்வத்தைப் பிறர் காண வேண்டுமென்று செலவழிக்கிறான். இன்று உணவு வந்ததும் முதலில் அதைப் படம் பிடித்து ஊராருக்கு அனுப்புகிறோமே. அப்பொழுது நாம் யாருக்காக உண்ண வந்தோம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

இப்பொழுது தகப்பனாரின் வார்த்தைக்கே திரும்புவோம். “இந்தக் காசுக்கு எத்தனை ஏழைகளுக்குச் சோறு போடலாம்!” ஏறக்குறைய இதே வார்த்தையை நாம் சுவிசேஷத்திலும் கேட்டிருக்கிறோம். பெத்தானியாவில் விருந்து நடக்கையில் மரியம்மாள் விலையேறப்பெற்ற பரிமளத் தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசினாள். அதன் மதிப்பு 300 வெள்ளிக்காசு. ஒரு காசு ஒரு கூலியாளின் ஒருநாட்கூலி என்றால், ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு. அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று குறுக்கிட்டவன் யூதாஸ். ஏழைகள்மேல் கவலை இருந்ததால் அவன் அப்படிச் சொல்லவில்லை, பணப்பையிலிருந்து திருடுகிறவனாயிருந்ததாலேயே சொன்னான் என்று அர்ச். அருளப்பர் எழுதி வைத்தார்.

அந்தத் தகப்பனாரை யூதாஸ் என்று சொல்ல வரவில்லை. அவர் நல்ல மனிதர். மகளின் சம்பளம் கரைவதைக் கண்டு பதறியவர். ஆயினும் அன்றிரவு வீடு திரும்பியதும் மகள் அவரை ஒரு கேள்வி கேட்டாள். “அப்பா, நாம் அங்கே போகாமலே இருந்திருந்தால், அந்தப் பணத்தை நாளைக்கு யாருக்குக் கொடுத்திருப்போம்?” அவரால் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார். அது வங்கிக் கணக்கில் இருந்திருக்கும். அல்லது பழைய டெலிவிஷனை மாற்றப் போயிருக்கும். ஏழையின் பெயர் சொல்லப்பட்டது. மகளின் அன்பளிப்பைத் தடுப்பதற்கே அது பயன்பட்டது. ஏழைக்கு ஒரு பிடி சோறும் போய்ச் சேரவில்லை.

இதுவே நாம் சொல்ல விரும்புவது. ஏழையின் பெயரால் கேட்கும் கேள்வி நேர்மையான கேள்விதான். ஆனால் கொடுக்கப்போகிறவன் வாயில்தான் அது நேர்மையாயிருக்கும். கொடுக்க நினையாதவன் அதைப் பிறர் தட்டைப் பார்த்துக் கேட்டால், பரிவு போலத் தோன்றும் கருமித்தனம் அது.

மறுபக்கமும் அப்படியே. ஏழைகள் எப்பொழுதும் உங்களோடு இருக்கிறார்கள் என்று ஆண்டவர் சொன்னாரே என, உண்டு களிப்பதற்கு அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறவர் உண்டு. அவ்வார்த்தை உபாகமம் 15-ம் அதிகாரத்தை நினைப்பூட்டுவது. ஏழைகள் நாட்டில் இல்லாதுபோவதில்லை என்று அங்கேயும் எழுதியிருக்கின்றது. ஆனால் அடுத்த சொல், ஆகையால் உன் கையைத் திற என்பதே. பாதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடக் கூடாது.

அப்படியானால் குடும்பத்தார் என்ன செய்வது? சில யோசனைகள் சொல்லுகிறோம்.

முதலாவது, கணக்கைப் புறப்படுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டும். போகலாமா, எவ்வளவு செலவழிக்கலாம், கடனில்லாமல் முடியுமா என்பதையெல்லாம் அங்கே பேசித் தீர்த்துவிட வேண்டும். போவதென்று முடிவான பின், மேசையில் உட்கார்ந்து விலையைச் சொல்லிச் சொல்லி அழைத்தவர் மனத்தை நோகச் செய்வது ஒருபோதும் புண்ணியமாகாது.

இரண்டாவது, அபூர்வமாய்ப் போக வேண்டும். இலாசர் உவமையில் வரும் செல்வன் ஒருநாள் விருந்துண்டவன் அல்லன், தினந்தோறும் விருந்துண்டவன். தினந்தோறும் உண்டதால் விருந்தின் மகிழ்ச்சியும் அவனுக்குப் போயிற்று. வாசலில் கிடந்தவனும் கண்ணுக்குத் தெரியாமற் போனான். வருஷத்தில் ஓரிருமுறை போகிற குடும்பத்துக்கு அந்த உணவு பல நாள் பேச்சாக இருக்கும். வாராவாரம் போகிறவர்களுக்கோ அது குறை சொல்ல மட்டுமே பயன்படும்.

மூன்றாவது, பரிமாறுகிறவரை நினைக்க வேண்டும். நாம் பசியோடு உட்காரும் வேளையில் அவர் நிற்கிறார். நாம் எழுந்த பின்பே அவர் உண்பார். அவரை “ஏய்” என்று கூப்பிட நமக்கு யார் உரிமை கொடுத்தது? அம்மாச்சி அந்த நாற்காலியில் பெற்ற மரியாதையை, நிற்கிறவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. கட்டாயம் நீங்கியது, ஆகவே கொடுப்பது முழுவதும் நம் மனத்தைப் பொறுத்ததாயிற்று. ஐயாயிரம் ரூபாய்க்கு உண்டுவிட்டு, பரிமாறியவருக்குச் சில்லறை தேடுகிறவர், தமக்குச் செலவழிக்க மட்டுமே கற்றவர். மீந்த உணவை வெட்கப்படாமல் பொட்டலம் கட்டி வாங்கி வருவதும் இதில் சேரும். சமைத்தவர் உழைப்பைக் குப்பையில் கொட்டலாகாது.

கடைசியாக, அந்த வீட்டில் பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். மகள் சமையலறை அலமாரியில் ஒரு பழைய ஓவல்டின் டப்பாவை வைத்தாள். வெளியே உண்ணப் போவதென்று தீர்மானித்த நாளில், புறப்படுமுன் ஒரு பங்கு அதில் விழ வேண்டும். இன்னாருக்கு என்று பெயரும் முன்னதாகவே சொல்ல வேண்டும். அடுத்த முறை அது, இரண்டு தெரு தள்ளிப் படுக்கையில் கிடந்த ஒரு கொத்தனாரின் வீட்டுக்குப் போயிற்று. பதினைந்து நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அது கண்டது.

டப்பாவில் காசு போட்டுவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. காசு கொடுத்து மனச்சாட்சியை வாங்க முடியாது. சிங்கரின் குட்டையும் அத்துடன் வற்றிவிடாது. ஆனால் ஏழையைப் பற்றி நாம் கேட்கும் கேள்வி மெய்யா பொய்யா என்று அந்த டப்பா காட்டிக்கொடுத்துவிடும்.

பணத்தைக் கொத்தனார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவர் தகப்பனார்தான். இரண்டாம் முறை ஓட்டலுக்குப் போனபோது, பட்டியலைத் திறந்து, “அத்தை, உங்களுக்கு என்ன சொல்லட்டும்?” என்று முதலில் மாமியாரைக் கேட்டவரும் அவர்தான்.