வாயாயிருப்பதும் வாயைப் பறிப்பதும்

வியாதிப்பட்ட பெரியவர்களை விசாரிக்கப் போகிற ஊழியத்தில் ஒரு கேள்வி என்னைப் பாரப்படுத்திக்கொண்டே இருக்கிறது. வயசான தாய்க்காக மகன் ஆஸ்பத்திரியில் பேசுகிறானே, அது உபகாரமா, அவள் வாயைப் பறிப்பதா?

நான் அடிக்கடி பார்க்கிறது இது. டாக்டர், "என்னம்மா பண்ணுது?" என்று கேட்பார். அந்த அம்மா வாயைத் திறக்கும் முன்னே மகன், "கேஸ் ட்ரபிள் சார்" என்று முடித்துவிடுவான். அவங்களுக்கு நெஞ்சு கரிக்குதா, அடைக்குதா, படபடன்னு வருதா? மூன்றும் மூன்று வேறு சங்கதி. சர்க்கரை வியாதியுள்ள முதியோருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு. அப்போது "மூச்சு வாங்குது, அசதியா இருக்கு" என்கிற ஒரு வார்த்தைதான் சாட்சி. அதை மகன் விழுங்கிவிட்டால் டாக்டர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

"அவங்களுக்குச் சொல்லத் தெரியாதுங்க ஐயா" என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்ம தர்மபுரிதான். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிற முதியோரும் நம் நடுவில் உண்டு. பெரிய வியாதி என்றால் பெங்களூருக்கு ஓடுகிறோம்; அங்கே தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர் வாயடைத்து நிற்கிறார். காது மந்தம் வேறே. ஆகையால் துணை வேண்டும்தான். எப்படிப்பட்ட துணை என்பதே கேள்வி.

மோசே தனக்குப் பேச்சு வராது என்றபோது ஆரோன் துணையாகக் கிடைத்தான். ஆரோன் பேசினது மோசே சொல்லிக்கொடுத்ததை, தன் சொந்தக் கருத்தை அல்ல. பர்திமேயுவுக்குக் கண் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனாலும் இயேசு அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனையே கேட்டார். அவனைப் பேசவிடாமல் அதட்டினது கூட்டம். நாம் ஆரோனா, கூட்டமா?

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஆஸ்பத்திரியில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வரிசையும் மாத்திரையும் சர்க்கார் தரலாம். காது கொடுக்கிறது நம்ம வேலை.

ஆஸ்பத்திரியில் நேரம் கொஞ்சம்தான். ஆகவே முந்தின ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவங்க சொன்ன வார்த்தையையே துண்டுச் சீட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் முதலில் அவங்க பேசட்டும். விட்டுப்போனதை நீங்கள் சேருங்கள். காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். வயசானால் கீச்சு ஓசைகள்தான் முதலில் மங்கும். கத்தினால் சத்தம் கூடுமே தவிர தெளிவு கூடாது. முகத்துக்கு நேரே நிதானமாய்ப் பேசுங்கள். பக்கவாதத்தில் பேச்சு போனவருக்குப் புரிதலும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தலையசைத்துப் பதில் சொல்லும்படி கேளுங்கள். பிள்ளைகள் தூரத்தில் இருக்கிற பெரியவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள்.

பெந்தெகொஸ்தே நாளில் அவரவர் தம் பாஷையில் கேட்டதைப் பிரசங்கிக்கிற ஜனம் நாம். கன்னடம் தெரிந்த சகோதரி ஒருத்தி ஒரு பாட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அவங்க சொன்னதைச் சொன்னபடியே எடுத்துச் சொன்னால் அதுவும் ஊழியமே. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவரிடம், "என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வருகிறவரைக்கும் காத்திருங்கள்.