அபாயத்தைப் பார்த்து மகிழலாமா?

ஒருவர் தம் உயிரைப் பணயம் வைத்து ஓடுகின்றார். இன்னொருவர் அதை இருந்த இடத்திலிருந்து பார்த்து மகிழ்கின்றார். ஓடுகின்றவர் செய்வது சரியா, தவறா என்று பலர் ஆராய்ந்திருக்கின்றனர். பார்க்கின்றவரைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அவருக்குக் காயமுமில்லை, கூலியுமில்லை. ஆதலால் பொறுப்புமில்லை என்று எண்ணிவிடுகின்றோம். அது அவ்வளவு இலகுவாகத் தீர்ந்துவிடும் காரியமா?

மோட்டார் கார் ஓட்டங்களுள் முதலிடம் பெறுவது போர்முலா வன் எனப்படும் உலக சம்பியன் போட்டித் தொடராகும். 1950ஆம் ஆண்டில் இது ஆரம்பமாயிற்று. இதில் ஓடும் கார்கள் ஒருவர் மாத்திரம் அமரக்கூடியவை. நான்கு சில்லுகளும் மூடியின்றி வெளியே நிற்பவை. இன்று மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் இவை ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஒரு காரின் சில்லு இன்னொன்றின் சில்லிற் பட்டால் கார் மேலே எழும்பிவிடக்கூடும். நாடு நாடாகச் சென்று ஆண்டு முழுவதும் போட்டிகள் நடக்கின்றன. 1976இல் 16 போட்டிகள் நடந்தன; 2024இல் 24 நடந்தன. ஒவ்வொன்றிலும் பெறும் புள்ளிகளைக் கூட்டி, ஆண்டின் முடிவில் ஒருவர் உலக சம்பியன் ஆகின்றார். எமது வீடுகளிலும் பிள்ளைகள் பலர் இதைத் தொலைக்காட்சியில் விடாது பார்த்து வருகின்றனர். எனவே இக்கேள்வி எமக்குத் தூரமானது அன்று.

கடுமையான தீர்ப்பு

1958ஆம் ஆண்டுத் தொடர் மிகக் கொடியதாய் அமைந்தது. யூலை 6ஆம் திகதி பிரான்ஸ் நாட்டின் றெய்ம்ஸ் நகரில் பெராரி நிறுவனத்தின் சாரதி லூயிஜி மூசோ மாண்டார். நான்கு கிழமைகளின் பின் அதே நிறுவனத்தின் பீற்றர் கொலின்ஸ் ஜேர்மனியில் மாண்டார். ஆண்டின் இறுதிப் போட்டியில், மொரொக்கோவில், தீப்பட்ட ஸ்ருவேட் லூயிஸ்-எவன்ஸ் சில நாட்களில் உயிர் நீத்தார். மூசோவின் மரணத்தை அடுத்து வத்திக்கானின் நாளிதழான 'ஒசர்வாத்தோரே ரொமானோ' பேசாதிருக்கவில்லை. தான் பெற்ற பிள்ளைகளையே விழுங்கியதாகப் பழைய உரோமப் புராணம் கூறும் தேவனுக்கு நிறுவன அதிபர் என்சோ பெராரியை ஒப்பிட்டு அது கண்டித்தது.

இக்கண்டனத்தின் நியாயம் விளங்கக்கூடியதே. உயிர் ஆண்டவர் எம்மிடம் ஒப்படைத்த பொருள். நாம் சம்பாதித்த சொத்தன்று. வீண் புகழுக்காக அதைச் சூதில் வைக்க எவருக்கும் உரிமையில்லை. அப்படியாயின், சூதாடுமிடத்தைச் சுற்றி நின்று கைதட்டுபவரும் அதில் பங்காளியே அல்லவா? நுழைவுச் சீட்டு வாங்குபவரும் தொலைக்காட்சி முன் அமருபவரும் இல்லாவிடில் இவ்வோட்டத்திற்குப் பணம் கொட்டுபவர் யார்?

இதற்கு மறுமொழியும் உண்டு. கடலுக்குப் போகிறவரும் பனை ஏறுகிறவரும் நாளாந்தம் அபாயத்தை ஏற்கின்றனர். அது வயிற்றுக்காக, இது புகழுக்காக என்பர். உண்மைதான். ஆயினும் மனிதன் வயிற்றுக்காக மாத்திரம் வாழ்பவன் அல்லன். தன் கையின் திறனை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்க்கும் ஆசையும் இறைவன் அவனுள் வைத்ததே. மலையேறுபவர்களையும் ஆழ்கடலில் மூழ்குபவர்களையும் நாம் சூதாடிகள் என்பதில்லை. ஒரு நல்ல காரியத்தின் பொருட்டு அபாயத்தைப் பொறுத்துக்கொள்வது ஒன்று. அபாயத்தையே தேடிப் போவது வேறொன்று. நல்ல சாரதி வெல்ல விரும்புகின்றார். உயிரோடு வீடு திரும்பவும் விரும்புகின்றார்.

பார்ப்பவரையும் இதே அளவுகோலால் அளக்கலாம். அவர் திறமையை விரும்பி, அபாயத்தைப் பொறுத்துக்கொள்ளுகின்றாரா? அல்லது அபாயத்தையே விரும்பி வந்திருக்கின்றாரா?

வேலிக்கு அப்பால்

1973ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி நெதர்லாந்தின் சான்ட்வோர்ட் ஓடுபாதையில் றொஜர் வில்லியம்சன் என்னும் இளம் ஆங்கிலேயரின் கார் தலைகீழாகப் புரண்டு தீப்பற்றியது. அவர் அதற்குள் உயிரோடு அகப்பட்டிருந்தார். பின்னால் வந்த டேவிட் பேர்லி என்னும் சாரதி தமது காரை நிறுத்திவிட்டு, ஓடுபாதையைக் குறுக்கே கடந்து ஓடி, அந்தக் காரைத் தனியொருவராய் நிமிர்த்த முயன்றார். அங்கிருந்த பணியாளர்களுக்குத் தீயைத் தாங்கும் உடை இருக்கவில்லை. மற்றக் கார்கள் கடந்து சென்றுகொண்டேயிருந்தன. எரிந்த காரின் சாரதி பேர்லியே, அவர் தப்பிவிட்டார் என்று பலர் எண்ணினர். ஆகவே எரிக்கோ வழியில் விலகிப்போனவர்களோடு அவர்களை ஒப்பிடுவது நீதியாகாது. போட்டி நிறுத்தப்படவில்லை. வில்லியம்சன் மாண்டார். பேர்லியின் துணிவுக்காகப் பிரித்தானிய அரசு அவருக்கு ஜோர்ஜ் பதக்கம் வழங்கியது.

அன்று நடந்த இன்னொன்றும் எமது கேள்விக்கு வேண்டியது. பார்வையாளருள் சிலர் வேலியைத் தாண்டி உதவிக்கு வர முயன்றனர். காவலர் அவர்களைத் தடுத்துத் திருப்பினர். காசு கொடுத்து ஓட்டம் பார்க்க வந்தவர்கள் அவர்கள். அந்தக் கணத்தில் அவர்களுக்கு யார் முன்னால், யார் பின்னால் என்பது இல்லாமற் போயிற்று. எரியும் காருக்குள் ஒரு மனிதன் இருக்கிறான் என்பது மாத்திரமே நின்றது. பார்ப்பவருக்கு வேலிக்கு அப்பால் ஒரு கடமையும் இல்லை என்று அவர்கள் எண்ணவில்லை.

ஓராண்டு, இரு மனிதர்

ஒரேயொரு போட்டியை மட்டும் பார்ப்பவர் காண்பது பெரும்பாலும் கார்களையே. ஓராண்டு முழுவதும் தொடர்ந்து பார்ப்பவருக்கோ சாரதிகள் மெல்ல மெல்ல அறிமுகமான மனிதராகின்றனர். இவர் மழையில் வல்லவர், இவர் பொறுமையுள்ளவர், இவர் அவசரக்காரர், இவருக்கு இவ்வாண்டு எதுவும் சரிவரவில்லை என்று ஊராரைப் போல் அவர்களைத் தெரிந்துகொள்கின்றார். ஒரு தொடரைப் பின்பற்றுவதன் நன்மை இதுவே. 1976ஆம் ஆண்டுத் தொடர் இதற்கு நல்ல சாட்சி.

அவ்வாண்டு முன்னைய சம்பியனான அவுஸ்திரியர் நிக்கி லௌடா பெராரியிலும், ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஹண்ட் மக்லாறனிலும் ஓடினர். லௌடா கணக்குப் பார்த்து ஓடுபவர். ஹண்ட் துணிந்து பாய்பவர். ஆண்டின் முற்பகுதியில் லௌடா வெகுதூரம் முன்னேறிவிட்டார். ஜேர்மனியின் நியூர்பேர்க்றிங் பாதை ஏறத்தாழ 23 கிலோமீற்றர் நீளமானது. காட்டுக்கும் மலைக்கும் நடுவே செல்வது. அவ்வளவு நீளத்திற்குத் தீயணைப்பும் மருத்துவ உதவியும் உடனே எட்டமாட்டா என்று கூறி, அங்கே ஓடவேண்டாம் என்று லௌடா மற்றச் சாரதிகளைக் கேட்டார். பெரும்பான்மையோர் இணங்கவில்லை. ஓகஸ்ட் 1ஆம் திகதி, இரண்டாம் சுற்றில், அவருடைய காரே மோதித் தீப்பற்றியது. அவரைத் தீயிலிருந்து இழுத்தெடுத்தவர்கள் சக சாரதிகள்: மெர்சாரியோ, எட்வேட்ஸ், லங்கர், ஏர்ட்டில் என்னும் நால்வர்.

முகமும் தலையும் எரிந்து, நச்சுப் புகையால் நுரையீரல் பழுதடைந்த நிலையில் அவர் மருத்துவமனையிற் கிடந்தார். குருவானவர் ஒருவர் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்துச் சென்றார். அக்குருவானவர் தேறுதலாக ஒரு வார்த்தையும் பேசாமற் போனது தமக்குக் கோபத்தை உண்டாக்கியதாக லௌடா பின்னாளிற் கூறினார். இது எம்மனைவருக்கும் ஒரு பாடம். மரணப் படுக்கையை மட்டும் பார்த்து, அதிற் கிடப்பவனைப் பாராமற் போவது ஓட்டப் பந்தய ரசிகருக்கு மாத்திரம் நேரும் குறையன்று.

ஆறு கிழமைகளின் பின், செப்ரெம்பர் 12ஆம் திகதி, இத்தாலியின் மொன்சாவில், காயம் ஆறாத தலையில் கட்டோடு லௌடா மறுபடி ஓடி நான்காவதாக வந்தார். இறுதிப் போட்டி ஒக்ரோபர் 24ஆம் திகதி யப்பானின் பூஜி மலையடிவாரத்தில் நடந்தது. லௌடாவுக்கு 68 புள்ளி, ஹண்டுக்கு 65. அன்று அடைமழை, முன்னே செல்லும் கார் தெரியாதபடி நீர்த்திவலை எழும்பியது. பாதை ஓடத் தகுந்ததன்று என்று சாரதிகள் பலர் கூறினர். எனினும் பல நாடுகளில் மக்கள் தொலைக்காட்சி முன் காத்திருந்தனர். போட்டி தாமதமாகத் தொடங்கப்பட்டது. இரண்டு சுற்றுகள் முடிந்ததும் லௌடா காரைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். எரிகாயத்தால் அவருடைய கண்ணிமைகள் சரிவர மூடவில்லை. என்ஜின் பழுது என்று சொல்லிவிடுவோமா என்று பெராரியின் பொறியியலாளர் போர்கியேரி கேட்டார். லௌடா அந்தப் பொய்யை ஏற்கவில்லை. தாமே நிறுத்தியதாக உள்ளதை உள்ளபடி சொன்னார். ஹண்ட் மூன்றாவதாக வந்து நான்கு புள்ளி பெற்றார். 69க்கு 68. ஒரேயொரு புள்ளியால் லௌடா சம்பியன் பட்டத்தை இழந்தார்.

இத்தாலியில் அவரைக் கோழை என்று ஏசியவர்கள் இருந்தனர். மூன்று மாதங்களுக்கு முன் அவர் தீயிற் கிடந்தபோது கண்ணீர் விட்ட நாடு அது.

ரசிகரின் உரைகல்

ஒரு ரசிகரின் உள்ளத்தை அறிய, வெற்றியில் அவர் எப்படிக் கூத்தாடுகின்றார் என்று பார்க்கத் தேவையில்லை. தாம் நேசிக்கும் சாரதி, "இனி ஓடமாட்டேன்" என்று நிறுத்தும்போது அவர் என்ன நினைக்கின்றார் என்று பார்த்தாற் போதும். ஏமாற்றம் வருவது இயல்பு, அதிற் குற்றமில்லை. ஓராண்டுக் கனவு இரண்டு சுற்றில் முடிந்தால் யாருக்குத்தான் மனம் நோகாது? ஆனால், "ஏன் செத்தாலும் ஓடியிருக்கக் கூடாது?" என்ற எண்ணம் எழுந்தால், அந்த ரசிகர் நேசித்தது மனிதரை அன்று, தமது கொண்டாட்டத்தையே. ஹண்டின் வெற்றியைக் கொண்டாடியவரும் தவறு செய்யவில்லை. அவரும் தம் திறமையாலேயே வென்றார். லௌடாவின் ரசிகர்களோ அன்றிரவு மகிழ்ச்சியோடு உறங்கியிருக்கலாம். அவர்களுடைய மனிதர் பிழைத்திருந்தார். 1977இலும் 1984இலும் அவர் மீண்டும் சம்பியனாகி, 2019ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார்.

பார்ப்பவரின் எண்ணம் வீட்டுச் சுவருக்குள் நின்றுவிடுவதுமில்லை. 1966இல் பெல்ஜியத்தில் கவிழ்ந்த காருக்குள் பெற்றோல் ஒழுக அகப்பட்டிருந்த ஜக்கி ஸ்ரூவேட், அதன்பின் பாதுகாப்பு வேலிகளும் மருத்துவரும் வேண்டுமென்று போராடினார். விளையாட்டின் வீரத்தைக் கெடுக்கிறார் என்று அவரைப் பழித்தனர். 2018இல் சாரதியின் தலையைக் காக்க ரைற்றேனிய வளையமொன்று கட்டாயமாக்கப்பட்டது. காரின் அழகு போயிற்று என்று ரசிகர் பலர் முறுமுறுத்தனர். 2020 நவம்பர் 29ஆம் திகதி பஹ்ரெயினில் றொமைன் குறோஷானின் கார் இரும்புத் தடுப்பைத் துளைத்து, இரண்டாகப் பிளந்து, தீப்பற்றியது. கைகளில் எரிகாயத்தோடு அவர் தீக்குள்ளிருந்து வெளியே வந்தார். முன்னர் அவ்வளையத்தை விரும்பாதிருந்த அவரே, அது இல்லாவிடில் தாம் இன்று பேச உயிரோடு இருந்திருக்கமாட்டார் என்று மருத்துவமனையிலிருந்து கூறினார். அழகு போயிற்று என்ற அந்த முறுமுறுப்பு வென்றிருந்தால்?

அபாயம் குறைந்தால் சுவையும் குறையாதா என்று கேட்பார் உண்டு. 1960களோடு ஒப்பிட்டால் இன்று இவ்வோட்டம் பன்மடங்கு பாதுகாப்பானது. ரசிகர் குறையவில்லை, பெருகியே இருக்கின்றனர். மக்களை இழுத்தது மரணத்தின் நிழல் மட்டுமன்று என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. எனினும் அபாயம் முற்றாக நீங்கிவிடவும் இல்லை. 2014இல் யப்பானில் மழையில் விபத்துக்குள்ளான யூல் பியங்கி மறு ஆண்டு இறந்தார். ஆகவே எமது கேள்வியும் நீங்கவில்லை.

பார்க்கலாமா என்று கேட்டால், பார்க்கலாம் என்பதே எமது பதில். ஆனால் மனிதரைப் பார்ப்பவராய்ப் பார்க்கவேண்டும். போட்டி பிற்போடப்பட்டாலும், மழைக்காக நிறுத்தப்பட்டாலும் அதைப் பொறுக்கும் மனம் வேண்டும். மோதல்களை மாத்திரம் தொகுத்துக் காட்டும் படங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வளரவிடலாகாது. அங்கே சாரதிக்குப் பெயருமில்லை, முகமுமில்லை.

ஒரு கார் சுவரில் மோதிச் சிதறும்போது எம் வாயிலிருந்து முதலில் வருவது எது? "அடடா, என்ன அடி!" என்பதா, "ஆள் தப்பிவிட்டாரா?" என்பதா? பக்கத்தில் இருந்து பார்க்கும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றது. நாளை வீதியில் ஒரு விபத்தைக் காணும்போது அந்தப் பிள்ளை சொல்லப்போவதும் அதுவே.