ஒரு வெள்ளிக்கு அறுபத்து நான்கு சென்

பாயான் லெப்பாஸ் பக்கம் கடைவரிசைகளில் மளிகைக்கடை, கிளினிக், நம்பர் கடை எல்லாம் ஒன்றை ஒன்று ஒட்டியே இருக்கின்றன. மெக்னம், ஸ்போர்ட்ஸ் டோட்டோ, டமாச்சாய். எல்லாமே அரசு உரிமம் உள்ளவை. பிடித்தவர் உள்ளே போகிறார், பிடிக்காதவர் கடந்து போகலாமே, இதில் நமக்கென்ன வந்தது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாலு இலக்க எண்கள் மொத்தம் 10,000. ஒரு குலுக்கலில் 23 பரிசுகள். 'பெரியது' வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. அடுத்த பத்துக்குத் தலா 180, கடைசிப் பத்துக்குத் தலா 60. எல்லாவற்றையும் கூட்டி 10,000-ஆல் வகுத்தால், கட்டிய ஒரு வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்புவது 64 சென்.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு மூத்த டெக்னீஷியனிடம் இதைச் சொன்னேன். "தெரியும் தம்பி. சனிக்கிழமை வரைக்கும் ஒரு நெனப்பு இருக்குல்ல, அதுக்குத்தான் ஒரு வெள்ளி" என்றார். அவர் ஏமாளி இல்லை. போனஸும் சேமிப்பும் உள்ள நான் அவருக்கு உபதேசம் செய்வது சுலபம்.

அதனால் வாங்குகிறவரை விட்டுவிட்டுக் கடையைப் பற்றிக் கேட்கிறேன். திருக்குறளில் 94-வது அதிகாரம் சூது. அதில் 'கழகம்' என்ற சொல் இரண்டு குறள்களில் வருகிறது. அங்கே அதற்குப் பொருள் சூதாடும் இடம். ஆடுகிறவனோடு நிறுத்தாமல் இடத்தையும் வள்ளுவர் கணக்கில் எடுக்கிறார். இடம் பழக்கத்தை வளர்க்கிறது. விபத்தில் நசுங்கிய காரைப் பார்த்ததும் நம்மில் சிலருக்கு முதலில் கண்ணில் படுவது நம்பர் பிளேட். யாரோ ஒருவரின் துக்கம் நமக்கு நாலு இலக்கமாகிவிடுகிறது. வீட்டுக்குப் போகிற வழியிலேயே கடை இருந்தால் அந்த யோசனை ஆறுவதற்குள் சீட்டு கைக்கு வந்துவிடும்.

பக்கத்து மாநிலமான கெடா 2023 முதல் இந்தக் கடைகளை மூடியது. சூதாட்ட உரிமம் தருவது மத்திய நிதி அமைச்சு. ஆனால் கடை நடத்த ஊராட்சி மன்றத்தின் வணிக உரிமமும் வேண்டும். அதைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். உடனே பேச்சு 'முஸ்லிம் அல்லாதவர்களின் உரிமை' என்று மாறியது. முஸ்லிம்களுக்குச் சூது ஏற்கெனவே ஷரியா சட்டப்படி குற்றம். அப்படியானால் இந்தக் கடைகள் இருப்பது நமக்காகத்தான். மேலிருந்து வரும் தடையை எதிர்க்க நமக்குக் காரணம் உண்டு. மூடினால் ஆசை போய்விடாது, சுங்கை மூடாவைத் தாண்டினால் பினாங்கு வந்துவிடும், இல்லையென்றால் கள்ள நம்பர் எழுதுகிறவர் இருக்கிறார்.

ஆனால் அந்தச் சண்டையில் ஒன்று தொலைந்துபோகிறது. உரிமை என்று வாதாடி வாதாடி, இது நமக்கு நல்லதா என்று நாம் நமக்குள்ளே கேட்பதை விட்டுவிட்டோம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சூதாட்டத்துக்கு எதிராகப் பல வருஷமாகப் பேசிவருகிறது. கோயில் கூட்டங்களிலும் இளைஞர் மன்றங்களிலும் அந்தப் பேச்சு எனக்கு அதிகம் கேட்டதில்லை.

ஒன்றைச் செய்ய உரிமை இருப்பதும், அது தெருவில் இருக்க வேண்டும் என்று விரும்புவதும் வேறு வேறு. கெடா மாதிரி மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. நம் கடைவரிசையில் இன்னொன்று வரும் என்றால், வேண்டாம் என்று மாநகர் மன்றத்திடம் சொல்ல வேண்டியது நாம்தான். ஏற்கெனவே இருக்கிற கடைகளின் வாசலில் பரிசுத் தொகைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் 64 சென் என்றும் எழுதச் சொல்லலாம். டெக்னீஷியன் அண்ணன் அதைப் படித்துவிட்டும் உள்ளே போவார், அது அவர் இஷ்டம். கூடவே வரும் அவர் பையனும் அதைப் படிப்பான்.