படுத்திருப்பவர் காணும் அறை

மனநோய் வைத்தியர் ஒருவரின் அறையைப் படம் பிடிப்பதென்றால் கமராவை எங்கே வைப்பது? இது படப்பிடிப்பாளரின் தொழில்சார்ந்த கேள்வி என்று வாசகர் எண்ணக்கூடும். நீதி சார்ந்த கேள்வி என்பதே எமது எண்ணம்.

வியன்னா நகரின் பேர்க்காசே வீதி 19ஆம் இலக்க வீட்டில் சிக்மண்ட் பிராய்ட் 47 ஆண்டுகள் வாழ்ந்தார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் அவுஸ்திரியாவுள் புகுந்தன. யூதரான அவர் வெளியேற ஆயத்தமானார். அவ்வருடம் மே மாதத்தில் எட்மண்ட் ஏங்கல்மன் என்னும் இளைஞர் அவ்வீட்டை அறை அறையாகப் படம் பிடித்தார். கெஸ்டாப்போ கண்காணித்து வந்தமையால் பிளாஷ் விளக்கைப் பயன்படுத்த முடியவில்லை. துணிச்சலான வேலைதான். அப்படங்கள் இல்லாவிடில் அந்த அறையின் தோற்றத்தை இன்று நாம் அறிய வழியில்லை. தளபாடங்கள் பிராய்டுடன் இலண்டனுக்குப் போய்விட்டன.

நோயாளர் படுத்த மெத்தைக் கட்டில், அதன்மேல் பாரசீகக் கம்பளம், தலைமாட்டில் வைத்தியரின் நாற்காலி, எங்கும் பழங்காலச் சிலைகள். எல்லாம் படங்களில் உண்டு. ஆனால் ஏங்கல்மன் விரும்பியது, பிராய்ட் கண்டவாறே அறையைக் காண. நோயாளி கண்டவாறு அல்ல.

நாற்காலி ஏன் தலைமாட்டில் இருந்தது? நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் பிறர் தம்மை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியாது என்று பிராய்டே 1913இல் எழுதினார். தமது முகக்குறி நோயாளியின் பேச்சைத் திருப்பிவிடக் கூடாதென்ற காரணத்தையும் சொன்னார். இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும். எனினும் வைத்தியருக்கு நோயாளி தெரிவார். நோயாளிக்கு வைத்தியர் தெரியார். அவருக்குத் தெரிவது கூரையும் எதிர்ச்சுவரும், பின்னால் ஒரு குரலும். சிலவேளை குரலும் இல்லை.

ஆகவே நோயாளியின் இடத்திலிருந்து படம் எடுக்க விரும்புபவர் முதலில் படுக்க வேண்டும். படுத்தால் சிலைகளின் பெருமை குறைந்து, கூரையின் வெடிப்பு பெரிதாகும். மணிக்கூடு யாருக்குத் தெரியும்படி வைக்கப்பட்டுள்ளது, கதவு எவ்வளவு தூரம் என்பவை முக்கியமாகும். வைத்தியர்கள் அப்படத்தைப் பார்ப்பது நல்லது. தம் அறையைத் தாமே அறியாதவர் பலர்.

ஆனால் வெற்றறையைப் படம் பிடித்தால் எவருக்கும் தீங்கில்லை என்று சொல்லிவிட முடியுமா? அந்தக் கூரையைப் பார்த்துத் தன் வாழ்வின் மிகக் கொடிய நாளைச் சொன்ன ஒருவர் அதைச் சந்தியில் தொங்கும் படத்தில் கண்டால் என்ன நினைப்பார்? அறை வைத்தியருடையது, அனுமதி அவர் தரலாம். அந்தக் காட்சியோ படுத்திருந்தவருடையது. அவரிடம் கேட்டவர் யார்?