குறையை முடித்துவைப்பது யார்?

குறைகளைப் பதிந்து பின்தொடரும் சில மென்பொருள்களின் போக்கைப் பெரும்பாலும் ஓர் அமைப்புக் கோப்பே தீர்மானிக்கிறது. டிராக் மென்பொருளில் அதன் பெயர் டிராக்.ஐஎன்ஐ. மாண்டிஸில் அது ஒரு பிஎச்பி கோப்பு. இரண்டுமே வெறும் எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்தே திருத்தலாம். ஒரு டிக்கெட், அதாவது பதிவான ஒரு குறை, எந்தெந்த நிலைகளைக் கடக்கலாம், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு அதை நகர்த்தும் உரிமை யாருக்கு உண்டு என்பதெல்லாம் அங்கே வரிவரியாக எழுதப்பட்டிருக்கும்.

டிராக்கின் தொடக்க அமைப்பில் ஒரு டிக்கெட்டை மூடுவதற்கு, டிக்கெட்டைத் திருத்தும் உரிமை வேண்டும். மூடியதை மறுபடி திறக்க அவ்வளவு வேண்டாம். புதிதாக டிக்கெட் போடும் உரிமை இருந்தாலே போதும். மாண்டிஸ் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்லும். குறை சொன்னவரே அதை மூடலாமா என்ற வரிக்கு அதில் தொடக்க மதிப்பு ‘இல்லை’. அவரே மீண்டும் திறக்கலாமா என்ற வரிக்கு ‘ஆம்’. தீர்ந்தது என்று சொல்லும் அதிகாரம் ஒருவரிடம், தீரவில்லை என்று சொல்லும் அதிகாரம் இன்னொருவரிடம். நீதி பற்றிய கொள்கை ஒன்று இந்த இரண்டு வரிகளில் இருக்கிறது. கோப்பைத் திருத்துபவர்களில் பலர் அதைக் கொள்கை என்று எண்ணித் திருத்துவதில்லை.

விதிப்படி மூடப்பட்ட குறை உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா? விதிதான் மூடியது என்றால் அந்த முடிவுக்குப் பொறுப்பு யார்? காவிரிப் படுகையில் இவை நெடுங்காலமாகச் சமயக் கேள்விகளாகவே கேட்கப்பட்டு வந்தவை.

விதியை முன்கூட்டியே எழுதிவைப்பதில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இணையான இடம் குறைவு. முதலாம் ராஜராஜன் தன் 26ஆம் ஆட்சியாண்டில், தானும் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டும்படி ஆணையிட்டான். 29ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, பங்கு ஒன்று என்று ஒரே அச்சில் வார்த்தது போல ஒவ்வொரு பதிவும் நடக்கும். பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா என்பதற்குப் பட்டியலில் இடமில்லை. எந்த விதிக்கோப்புக்கும் இந்த இயல்பு உண்டு: தான் கேட்காததை அது குறையாகவும் காணாது.

அதே கல்வெட்டின் மற்றொரு பகுதி வேறு விதமாக யோசிக்கிறது. பங்குடையவர் இறந்தாலோ ஊர்விட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அவரே தேர்ந்து வேலையில் அமர்த்த வேண்டும். நெருங்கிய உறவே இல்லாவிட்டால், அதே வகைப் பணியில் இருக்கும் மற்றவர்கள் கூடித் தக்கவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தகுதி என்றால் என்ன என்று கல் சொல்லவில்லை. அதைச் சொல்ல அந்த வேலை தெரிந்த மனிதர் வேண்டும் என்பதை ஆணையை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். கல்வெட்டின் மிகத் தேர்ந்த பகுதி இதுதான் எனலாம்.

விதி முடிகிற இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் திருவாரூரின் மனுநீதிச் சோழன் கதை காட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் அதைப் பாடினார். திருவாரூர்க் கோயிலில் விக்கிரம சோழன் காலக் கல்வெட்டிலும் அது இருக்கிறது. இளவரசனின் தேரில் கன்று சிக்கிச் சாகிறது, தாய்ப்பசு அரண்மனை வாயிலில் மணியை அடிக்கிறது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது அமைச்சர்களின் யோசனை. பசுவைக் கொன்ற குற்றத்துக்கு அந்தணர் விதித்த கழுவாய் உண்டு, அதைச் செய்தால் போதும் என்கிறார்கள் அவர்கள். இன்றைய மொழியில், டிக்கெட்டை மூடுவதற்கான வழி கோப்பிலேயே இருக்கிறது என்பதே அவர்கள் வாதம். மன்னன் அதை ஏற்கவில்லை. அந்தச் சடங்கு கன்றை இழந்த தாயின் துயருக்கு மருந்தாகுமா என்று கேட்கிறான். குற்றவாளி தன் மகனாக இல்லாவிட்டால் இதே சலுகை கிடைத்திருக்குமா என்றும் கேட்கிறான். உயிர்களைக் காக்கும் அரசன் விலக்க வேண்டிய அச்சங்கள் ஐந்து என்று எண்ணும்போது, தன்னால் வரும் அச்சத்தையே அவன் முதலில் வைக்கிறான்.

பசு எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை என்பது இன்னொரு செய்தி. மணிக்குக் கட்டாயப் புலங்கள் கிடையாது. நடந்தது என்ன என்பதை அறிந்த அமைச்சர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஓசை புகாராகிறது. கதையின் முடிவில் தேர்க்காலில் விழுந்த மகனும், மன்னன் ஆணையை நிறைவேற்ற மனமின்றி உயிர்விட்ட அமைச்சனும், கன்றும் இறைவன் அருளால் எழுகிறார்கள். நம்பாத வாசகருக்கும் அதற்கு முந்தைய வாதம் வாதமாகவே நிற்கும்.

இந்த வாதத்துக்குத் தத்துவ வடிவம் கொடுத்தது சைவ சித்தாந்தம். செய்த வினையின் பயன் எப்படிச் செய்தவனை வந்து சேர்கிறது? செயலிலிருந்து அபூர்வம் என்ற காணா ஆற்றல் பிறந்து, காலம் வந்ததும் தானே பயன் தரும், நடுவில் இறைவன் தேவையில்லை என்பது மீமாம்சையின் விடை. நள்ளிரவில் ஆளில்லாமல் ஓடி, 30 நாள் அசையாத டிக்கெட்டுகளை மூடிவிட்டுப் போகும் தானியங்கி நிரல் ஏறக்குறைய இந்தக் கொள்கைப்படி இயங்குவது. சித்தாந்தி இதை மறுக்கிறார். வினை சடம். யார் செய்தார், எதற்கு எது பயன், எப்போது என்று அதற்குத் தெரியாது. உயிரும் தன் வினையைத் தானே தேடி எடுத்துக்கொள்ளாது. எனவே அறிவுடைய ஒருவன் இரண்டையும் கூட்டுவிக்க வேண்டும். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் இரண்டாம் நூற்பா, இருவினைக்கேற்ப உயிர்கள் பிறந்திறந்து வருவது இறைவனின் ஆணையால் என்கிறது. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் மாபாடியத்தில் அந்நூலுக்கு விரிவான உரை செய்தார்.

இதற்கு ஒரு வலுவான தடை உண்டு. ஆளை நடுவில் வைத்தால் ஓரவஞ்சனையும் கூடவே வரும். அதைத் தடுக்கத்தானே விதியை எழுதினோம்? சித்தாந்தத்தில் இறைவனுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. அவன் வினையின் கணக்கை மாற்றுவதில்லை, சேர்ப்பிக்க மட்டுமே செய்கிறான். மனித நிர்வாகி அப்படிப்பட்டவர் அல்லர். டிராக்கில் நிர்வாகி உரிமை பெற்றவருக்கு மற்ற எல்லா உரிமைகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஐந்து அச்சங்களில் முதலாவது அந்த ஒற்றை உரிமையில் உட்கார்ந்திருக்கிறது.

மாவட்ட ஆட்சியர்கள் கிராமங்களுக்கே சென்று மனு வாங்கும் முகாமுக்குத் தமிழ்நாட்டில் இன்றும் ‘மனுநீதி நாள்’ என்றுதான் பெயர். மனுக்கள் இப்போது எண் பெற்றுக் கணினியில் ஏறுகின்றன. கல்லணைக் கால்வாயின் கடைமடையில், பேராவூரணிப் பக்கத்து விவசாயி ஒருவர் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ‘அணை திறக்கப்பட்டுள்ளது’ என்ற பதில் உண்மையாகவே இருக்கலாம். பதில் எழுதியதும் மனு மூடப்படும் என்பது விதியானால் மனுவும் முறைப்படி மூடப்பட்டதாகிவிடும். நாற்று மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். சொன்ன பதிலில் பொய் இல்லை. பதில் தந்ததையும் குறை தீர்ந்ததையும் கோப்பு ஒரே நிலையாக எழுதிவைத்ததில்தான் பிழை இருக்கிறது.

பதிலளிக்கப்பட்டது, மூடப்பட்டது என்று இரண்டு நிலைகளைப் பிரித்து வைப்பது சில வரி வேலைதான். மூடியவர் பெயர் டிக்கெட்டின் வரலாற்றில் நிற்கும்படி செய்வதும், நிரலுக்குப் பதில் ஓர் ஆளை மூடவைப்பதும் அப்படியே. இவை மூன்றோடு மீண்டும் திறக்கும் உரிமையும் இருந்தால் விவசாயி மனுவை மறுபடி திறந்துவிடுவார். திருவாரூர்ப் பசுவைப் போலப் பேச முடியாதவர் வாதியாக வரும்போது, மீண்டும் திறக்கும் உரிமை அவர் பேரில் இருந்தும் பயன்படாது. அங்கே கோப்பு செய்யக்கூடியது, நடந்ததை அறிந்து அவருக்காகத் திறக்கக்கூடிய ஒருவருக்கும் அதே உரிமையைக் கொடுத்துவைப்பதுதான். அவர் யார் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டு தகுதியை விட்டது போல அந்த வேலை தெரிந்தவர்களிடம் விடவேண்டியிருக்கும்.