மிம்பரும் வாக்குப்பெட்டியும்

வெள்ளிக்கிழமை குத்பா என்னும் பேருரை ஓதும் இமாம், அதே மிம்பரில் (உரைமேடையில்) நின்று ஒரு கட்சிக்கு வாக்குக் கேட்கலாமா? 2011 புரட்சிக்குப் பிந்தைய துனிசியாவில் இது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. புரட்சியில் வீழ்ந்த அதிபர் பென் அலியின் ஆட்சியில் இமாம்களை நியமித்ததும் அரசு, அவர்கள் பேச்சைக் கண்காணித்ததும் அரசு. அந்தப் பிடி தளர்ந்ததும் மிம்பர்களைக் கைப்பற்றப் போட்டி எழுந்தது.

கேட்கலாம் என்போரின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. பசியையும் அநீதியையும் கண்டு வாய்மூடியிருக்கும் மார்க்கம் எதற்கு? உழைத்தவனின் கூலியை நிறுத்திவைப்பது பாவம் என்று இமாம் சொல்லலாம், சொல்லியே ஆகவேண்டும். ஆனால், ‘இன்னாருக்கு வாக்களிக்காதவன் மார்க்கத்துக்குத் துரோகி’ என்று அவர் சொல்லும்போது நடப்பது வேறு. தோளோடு தோள் நின்று தொழுதவர்களில் ஒருவர் அந்தக் கணமே வெளியாளாகிவிடுகிறார். அவரால் எழுந்து மறுத்துப் பேசவும் முடியாது. குத்பாவின்போது மௌனம் காப்பது அவருக்குக் கடமை. பதில் சொல்ல இயலாதவரிடம் வாக்குக் கேட்பது நேர்மையான பரப்புரை ஆகாது.

2014 அரசியலமைப்பு இதை உணர்ந்தது. மத நம்பிக்கைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் அளித்த அதே பிரிவில், பள்ளிவாசல்களைக் கட்சிக் கருவியாக்கக் கூடாது என்றும் எழுதியது. 2016 மே மாதம், ராஷித் கன்னூஷி தலைமையிலான அந்நஹ்தா கட்சி அரசியலையும் மார்க்க அழைப்புப் பணியையும் பிரித்தது. கட்சித் தலைவர்கள் இனிப் பள்ளிவாசலில் பிரசங்கம் செய்வதில்லை என முடிவெடுத்தது. பல்லாண்டு நாடுகடந்து வாழ்ந்து, மார்க்கத்தின் பெயராலேயே ஆதரவு திரட்டிய இயக்கம் அது. தன் பெரிய பலத்தைத் தானே விட்டுக்கொடுத்தது மதிக்கத்தக்க செயல்.

ஆனால் மறுபக்கத்துக் கதவு திறந்தே கிடந்தது. கட்சி விலகினாலும் அரசு விலகவில்லையே! அதிபர் கைஸ் ஸயீத் 2021இல் நாடாளுமன்றத்தை முடக்கினார். 2022இல் அவர் கொண்டுவந்த அரசியலமைப்பு, இஸ்லாத்தின் உயர்நோக்கங்களை நிறைவேற்றும் பொறுப்பு அரசுக்கு மட்டுமே உரியது என்றது. ‘மட்டுமே’ என்பதுதான் அச்சமூட்டுகிறது. கலீஃபா மஃமூன் 833இல் கேட்டதும் ஏறத்தாழ இதுதான்: மார்க்க அறிஞர்கள் அரசு சொன்ன கொள்கையை ஏற்கவேண்டும். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் மறுத்தார். மஃமூனுக்குப் பின்வந்த முஃதஸிமின் ஆட்சியில் சவுக்கடி பட்டார். இன்று அவர் பெயரில் ஒரு மத்ஹபே (மார்க்கச் சட்ட மரபே) இருக்கிறது.

கட்சிக்காரரை மிம்பரிலிருந்து இறக்கும் சட்டம், அமைச்சரையும் அதிகாரியையும் இறக்காதவரை பாதி நீதிதான். கன்னூஷி 2023 ஏப்ரலில் கைதானார். எந்தக் கட்சியையும் சாராத ஓர் இமாம், அந்தக் கைது சரியா என்று அடுத்த வெள்ளிக்கிழமை அச்சமின்றிக் கேட்கமுடிந்ததா என்பதே அந்த நாட்டின் சட்டத்தை உரசிப்பார்க்கும் இடம்.