உடைந்தவை தந்த விலை

மலிவாய்ப் பிறந்த பொருள் அருமையாய் மாறுவது எப்படி? அதன் மதிப்பை உயர்த்துவது யார்? அமெரிக்காவில் 'பெருமந்தக் காலக் கண்ணாடி' என்றழைக்கப்படும் பாத்திரங்களைப் பற்றி எண்ணும்போது இவ்வினாக்கள் நம்முன் எழுகின்றன.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. 1933இல் அந்நாட்டு உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. அக்காலத்தில் ஒஹாயோ, பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களின் ஆலைகள், இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறங்களில் தட்டுகளையும் கோப்பைகளையும் இயந்திர அச்சில் அழுத்திக் குவித்தன. கண்ணாடிக்குள் குமிழிகள் தெரியும். அச்சு இணைந்த தழும்பும் புலப்படும். ஆயினும் சரிகைப் பின்னல், செர்ரிப் பூ, நடனமாடும் பெண் எனப் பரப்பெங்கும் சித்திர வேலை! சில காசுகளுக்கு அவை விற்றன. ஓட்ஸ் பெட்டிக்குள் இலவசமாய் வந்தன. திரையரங்குகளில் நுழைவுச்சீட்டோடு தரப்பட்டன. ஒவ்வொன்றாய்ச் சேர்த்து, எளிய குடும்பங்கள் தம் உணவு மேசையை அழகு செய்தன.

பின்னாளில் சேகரிப்போர் அவற்றைத் தேடினர். சித்திர வரிசைகளுக்கெல்லாம் விலைப்பட்டியல்கள் எழுந்தன. பல வரிசைகளில் வெண்ணெய்க் கிண்ணத்தைவிட அதன் மூடிக்கே மதிப்பு மிகுதி. நாள்தோறும் திறந்து மூடிய கைகள் தவறவிட்ட மூடிகள் பல; எஞ்சியவை சில. ஆக, எஞ்சியதற்கு விலை தந்தவை உடைந்தவையே அன்றோ!

1970களில் செர்ரிப் பூ வரிசையின் போலிகள் சந்தைக்கு வந்தபோது சேகரிப்போர் கலங்கினர். அதே சித்திரந்தான், எனினும் மனம் ஏற்கவில்லை. ஏன்? அவர்கள் நாடியது கண்ணாடியை மட்டுமன்று. வறுமையிலும் அழகைக் கைவிடாத மனிதரின் கைபட்ட சான்றை.

அச்சான்றைப் பூட்டிய அலமாரிக்குள் வைத்தல் முறையா? பூட்டாவிடில் அதுவும் உடையும். உடைந்தால் நினைவும் அழியும் என்பர். அதிலும் நியாயம் உண்டு. காப்பவர் இல்லையேல் இன்று நம் கண்ணுக்கு ஒன்றும் எஞ்சியிராது. ஆனால், எவரும் உண்ணாத தட்டு எந்நினைவைக் காக்கும்? பயன்பட்டதனாலன்றோ அது போற்றத்தக்கதாயிற்று! ஆகவே, விருந்தினர் வரும் ஒரு நாளிலேனும் அது வெளியே வரட்டும் என்போம்.

உடைந்துவிடுமோ என்னும் அச்சம் எழலாம். வேலையிழந்தவன் வீட்டிலும் அழகிய தட்டு ஒன்றே இருந்திருக்கும். அவர்கள் அதில்தான் உண்டார்கள்.